அக்குள் கணுச் சோதனை: எத்தனை எடுக்க வேண்டும், எதற்காக எடுக்க வேண்டும்?

ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றி நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, மார்பக அறுவை சிகிச்சை, பெத்தாலஜி (திசுக்களைச் சோதிக்கும்) துறை மருத்துவர்களின் பதில்களோடு தருகிறோம்.

கேள்வி: என் அக்காவுக்கு வயது 44. இடது மார்பில் 2.5 செ.மீ. கட்டி. ஊசி பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அக்குளைத் தொட்டுப் பார்த்த டாக்டர் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். ஸ்கேனும் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் அறுவை சிகிச்சையின்போது அக்குளிலிருந்து கணுவை எடுத்துப் பார்ப்போம் என்கிறார்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்?

ஸ்கேனில் தெரிவது கணுவின் உருவம் மட்டும்தான். வெளி ஓரம் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி மறைந்துவிட்டதா, நீள்வட்டமாக இருக்க வேண்டியது உருண்டையாகிவிட்டதா என்று பார்த்துச் சந்தேகப்படுவார்கள். கணுவின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒதுங்கியிருக்கும் புற்றணுக் கூட்டம் இந்த உருவத்தைக் கொஞ்சமும் மாற்றாது. பெட் ஸ்கேனும் அந்த அளவைத் தவறவிடும். கையால் தொட்டுப் பார்ப்பது இன்னும் பலவீனமான சோதனை. அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய ‘பி-04’ என்ற ஆய்வில், தொட்டுப் பார்த்து ‘அக்குள் சுத்தம்’ என்று முடிவு செய்யப்பட்ட பெண்களுக்குக் கணுக்களை எடுத்துப் பார்த்தபோது சுமார் 40 சதவீதத்தினரிடம் நோய் இருந்தது. இன்று கட்டிகள் சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கிறோம், அல்ட்ராசவுண்டும் இருக்கிறது. அதனால் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பூஜ்யம் ஆகிவிடவில்லை.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கணுக்களை முதலிலேயே எடுத்தவர்களும், எடுக்காமல் விட்டு, பிற்பாடு வீங்கினால் மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் 25 ஆண்டு கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள். ஆகவே தொட்டால் தட்டுப்படாத கணுக்களை எடுப்பது நோயை ‘வேரோடு பிடுங்க’ அல்ல, தகவலுக்காக. உங்கள் அக்காவுக்குக் கீமோ வேண்டுமா, ரேடியேஷனை மார்போடு நிறுத்தலாமா, அக்குளுக்கும் காறை எலும்புப் பகுதிக்கும் நீட்ட வேண்டுமா, ஹார்மோன் மாத்திரையோடு வேறு மருந்து சேர்க்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு அந்தத் தகவல் வேண்டும். மாதவிலக்கு நிற்காத வயதில், ஹார்மோன் ஏற்பி உள்ள (ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும்) கட்டி என்றால், கணுவில் நோய் இருப்பதும் இல்லாததும் கீமோ முடிவையே மாற்றக்கூடும்.

தகவல்தான் வேண்டும் என்றால் எல்லாக் கணுக்களையும் எடுக்க வேண்டியதில்லை. மார்பிலிருந்து கிளம்பும் நிணநீர் அக்குளிலுள்ள இருபது முப்பது கணுக்களுக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை. வாய்க்கால் தண்ணீர் முதல் ஏரியில் விழுந்து, அங்கிருந்து அடுத்த ஏரிக்குப் போவதைப் போல ஒன்றிரண்டு கணுக்களைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. அந்த முதல் கணுக்களுக்குச் சென்டினல் கணு என்று பெயர். அவற்றில் புற்றணு இல்லையென்றால் மற்றவற்றில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தோல் புற்றுநோய்க்கு டொனால்ட் மார்ட்டன் 1992-ல் வெளியிட்ட இந்த முறையை, மார்பகத்துக்குக் கதிரியக்கப் பொருளைக் கொண்டு டேவிட் கிராக் 1993-லும், நீலச் சாயத்தைக் கொண்டு அர்மாண்டோ ஜூலியானோ 1994-லும் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: சென்டினல் கணுவை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? ஊசி எப்போது, எங்கே போடுவார்கள்? கண்டுபிடிக்க முடியாமலும் போகுமா?

முதல் வேலை நிணநீர்ப் பாதையில் ஓர் அடையாளப் பொருளை அனுப்புவது. டெக்னீஷியம்-99எம் சேர்த்த கதிரியக்கத் துகள், நீலச் சாயம், இன்டோசயனின் கிரீன் என்ற ஒளிரும் சாயம் ஆகிய மூன்றும் பரவலாக உள்ளவை. இரும்பு ஆக்சைடு துகளைச் செலுத்திக் காந்தக் கருவியால் தேடும் முறையும் உண்டு. கதிரியக்கத் துகளை அறுவை சிகிச்சை அன்று காலையிலோ முந்தைய நாளோ செலுத்துவார்கள். சாயத்தை மயக்கம் கொடுத்த பிறகு, அக்குளைக் கீறுவதற்குச் சுமார் 10 நிமிடம் முன்பு செலுத்துவார்கள். ஊசி பெரும்பாலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் அல்லது அடியில் விழும். கட்டி எங்கே இருந்தாலும் மார்பின் நிணநீர் பெரும்பகுதி ஒரே சென்டினல் கணுக்களுக்குத்தான் போகிறது என்பதால், கட்டியைத் தேடிப்பிடித்துக் குத்த வேண்டியதில்லை. சாயம் என்றால் 2 முதல் 5 மி.லி. வரை. அதன் பிறகு ஐந்து நிமிடம் மார்பை அக்குள் பக்கமாகத் தேய்த்துவிட வேண்டும். அவசரத்தில் இந்தத் தேய்ப்பைச் சுருக்கினால் சாயம் கணுவரை போய்ச் சேராமல் பாதி வழியில் நின்றுவிடும்.

அக்குளில் ரோமம் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே 3 அல்லது 4 செ.மீ. கீறல். அதற்கு முன்பே காமா புரோப் என்ற பேனா போன்ற கருவியைத் தோலின்மேல் நகர்த்தி, சத்தம் அதிகம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். கட்டி மார்பின் மேல்-வெளிப் பக்கத்தில் இருந்து, ஊசியையும் அங்கேயே போட்டிருந்தால் இங்கே ஒரு சிக்கல் வரும். ஊசி போட்ட இடத்தின் கதிரியக்கமே அக்குள்வரை கேட்டு ஏமாற்றும். புரோப்பின் முனையை ஊசி போட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கேட்பதும், மார்பை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்வதும் அதற்கு வழி.

தோலையும் கொழுப்பையும் தாண்டி அக்குளின் மெல்லிய உறையைப் பிரித்ததும், மஞ்சள் கொழுப்புக்கு நடுவே நூல் அளவு நீலக் கோடு ஒன்று தெரியும். அதுதான் நிணநீர்க் குழாய். அதை அறுத்துவிடாமல் பின்தொடர்ந்து போனால் நீலம் ஏறிய கணுவில் போய் முடியும். குழாய் தவறி அறுந்தால் சாயம் கசிந்து அந்த இடம் முழுக்க நீலமாகி, எது கணு, எது கொழுப்பு என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் நிதானமாகப் பிரிப்பார்கள்.

எடுத்த கணுவை வெளியே வைத்துப் புரோப்பால் எண்ணிப் பார்ப்பார்கள். உதாரணமாக, மிக அதிகமாக ஒலித்த கணுவில் 10 விநாடிக்கு 1,200 என்று எண்ணிக்கை வந்தால், 120-க்கு மேல் காட்டும் எல்லாக் கணுக்களையும் எடுக்க வேண்டும். இது ‘10 சதவீத விதி’. நீலமாக இருப்பவை, நீலக் குழாய் வந்து சேரும் கணு, இவற்றோடு விரலை உள்ளே விட்டுத் துழாவி, கல்லுப்போலக் கெட்டியாகத் தட்டுப்படுபவற்றையும் எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யக் கூடாது. புற்றணுக்கள் முழுதாக நிரம்பிவிட்ட கணுவுக்குள் நிணநீர் நுழையவே முடியாது. சாயமும் கதிரியக்கமும் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த கணுவுக்குப் போய்விடும். நோய் உள்ள கணு சாயம் ஏறாமலும் சத்தமே போடாமலும் கிடக்கும், விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

சராசரியாக இரண்டு மூன்று கணுக்கள் கிடைக்கும். பழகிய கைகளில் 100 பேரில் 95 பேருக்கு மேல் சென்டினல் கணு அகப்பட்டுவிடும். அக்குளில் முன்பே அறுவை சிகிச்சை நடந்திருந்தால், உடல் பருமன் அதிகமாக இருந்தால், வயது கூடியிருந்தால் அகப்படாமல் போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அகப்படவே இல்லையென்றால், அக்குளின் முதல் இரண்டு தளங்களிலுள்ள கணுக்களை மொத்தமாக எடுப்பதுதான் வழக்கமான அடுத்த வழி. ‘கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது உங்களிடம் கேட்க முடியாது.

இந்தச் சோதனை தவறுவதும் உண்டு. 5,611 பெண்கள் பங்கேற்ற ‘பி-32’ ஆய்வில், கணுவில் நோய் இருந்தவர்களில் 9.8 சதவீதத்தினருக்குச் சென்டினல் கணு மட்டும் சுத்தமாக இருந்தது. பயப்பட வைக்கும் எண்தான். ஆனால் அதே ஆய்வில், சென்டினல் கணு சுத்தம் என்று அதோடு நிறுத்திக்கொண்டவர்களில் அக்குளில் நோய் திரும்பியது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். உயிர் பிழைத்ததிலும் வித்தியாசமில்லை. மிச்சமிருந்த சிறு படிவுகளை ரேடியேஷனும் மருந்துகளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: கதிரியக்க ஊசி போட்டுக்கொண்டால் வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது பக்கத்தில் போகலாமா? நீலச் சாயத்தால் ஆபத்து உண்டா?

கதிரியக்கத்தின் அளவு மிகச் சிறியது, எலும்பு ஸ்கேனுக்குச் செலுத்துவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். குழந்தையைத் தூக்கலாம். பால் கொடுக்கும் தாய் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது என்று அங்கே சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு நீலச் சாயத்தைத் தவிர்த்துவிட்டு, குறைந்த அளவு கதிரியக்கத் துகளை மட்டும் கொண்டு செய்வார்கள்.

சாயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஐசோசல்ஃபான் நீலம், பேட்டன்ட் நீலம் ஆகியவை சுமார் 100 பேரில் ஒருவருக்கு அலர்ஜி உண்டாக்கும். பெரும்பாலும் தடிப்பு, அரிப்பு. அரிதாக ரத்த அழுத்தம் சரியும். முன்பு சாய ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மெத்திலீன் நீலத்தில் அலர்ஜி குறைவு, ஆனால் தோலுக்குள்ளேயே போட்டால் அந்தத் தோல் கருகிப் புண்ணாகும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு அது மோதும். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் பலர் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். மயக்க மருந்து டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். இன்டோசயனின் கிரீனில் அயோடின் கலந்திருக்கும் என்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சிறுநீர் ஓரிரு நாள் பச்சையாகவோ நீலமாகவோ போகும், முகம் சற்று வெளிறிய நீலமாகத் தெரியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இவை தானாகச் சரியாகும். மார்பில் ஊசி போட்ட இடத்தில் நீலக் கறை மாதக்கணக்கில் இருக்கலாம்.

கேள்வி: அறுவை சிகிச்சையின்போதே சோதித்து ‘கணு சுத்தம்’ என்றார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ‘3-ல் 1 கணுவில் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ் 1.1 மி.மீ.’ என்றும், ‘பிஎன்1எம்ஐ (எஸ்என்)’ என்றும் இருக்கிறது. எது உண்மை?

ரிப்போர்ட்டில் இருப்பதுதான் உண்மை. முதலில் சொன்னதும் பொய்யில்லை. ஆபரேஷன் நடக்கும்போதே கணுவை உறையவைத்து ஒன்றிரண்டு சீவல் எடுத்து, சில நிமிடங்களில் பார்த்துச் சொல்வது ஃப்ரோசன் செக்‌ஷன். பெரிய படிவுகளை அது பிடித்துவிடும், 2 மி.மீ.க்குக் குறைவானவற்றைப் பல நேரம் தவறவிடும். லோபுலர் வகை (பால் சுரப்பிப் பகுதியில் தொடங்கும்) புற்றுநோயில் அணுக்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதால் இன்னும் சிரமம்.

இறுதி ரிப்போர்ட்டுக்குக் கணுவை நீளவாக்கில் 2 மி.மீ. இடைவெளியில் துண்டுகளாக்கி, எல்லாத் துண்டுகளையும் மெழுகில் பதித்து, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். 2 மி.மீ. என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. அதைவிடப் பெரிய படிவு எதுவும் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஒளிந்து தப்ப முடியாது. கணுவை இரண்டாக மட்டும் பிளந்து பார்த்த ரிப்போர்ட்டை இதற்குச் சமமாக வைக்க முடியாது.

படிவின் அளவு 0.2 மி.மீ. வரை, அல்லது ஒரு வெட்டில் 200 அணுக்கள் வரை என்றால் ‘தனித்த புற்றணுக்கள்’. ரிப்போர்ட்டில் ‘பிஎன்0 (ஐ+)’ என்று இருக்கும். அது கணுவில் நோய் இல்லை என்ற கணக்கில்தான் சேரும். 0.2-க்கு மேல் 2 மி.மீ. வரை மைக்ரோ (மைக்ரோமெட்டாஸ்டாசிஸ்), அதுதான் உங்களுடைய ‘எம்ஐ’. 2 மி.மீ.க்கு மேல் மேக்ரோ. 1 முதல் 3 கணுவில் மேக்ரோ இருந்தால் பிஎன்1, 4 முதல் 9 வரை பிஎன்2, 10-ம் அதற்கு மேலும் பிஎன்3. ‘எஸ்என்’ என்பது சென்டினல் கணுக்களை வைத்து மட்டும் சொன்ன முடிவு என்பதற்கான குறி. முன்னால் உள்ள ‘பி’ நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது என்று காட்டுகிறது.

2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியும் மைக்ரோ படிவும் சேர்ந்தால் நிலை 1பி. அதே கட்டி, கணு சுத்தம் என்றால் 1ஏ. இன்று கட்டியின் கிரேடு (அணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்), ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற ஏற்பிப் புரதம் ஆகியவற்றையும் சேர்த்து நிலையைக் கணக்கிடுவதால் உங்கள் ரிப்போர்ட்டில் வேறு எண் இருக்கலாம். மைக்ரோ படிவுக்காக மறுபடி அக்குளைத் திறந்து மீதிக் கணுக்களை எடுப்பதில் பயனில்லை என்று பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்த ‘23-01’ ஆய்வு 10 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் காட்டியிருக்கிறது.

கேள்வி: மனைவிக்கு 2 கணுவில் 2 மி.மீ.க்கு மேலேயே புற்றுநோய் இருக்கிறது. ஆனாலும் மீதிக் கணுக்களை எடுக்க வேண்டாம், மார்புக்கு ரேடியேஷன் போதும் என்கிறார் டாக்டர். நோய் உள்ளே இருக்கும்போது அப்படியே விடலாமா? வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் டாக்டர் அலட்சியமாகச் சொல்லவில்லை. ‘இசட்0011’ என்ற ஆய்வில் 5 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி, தொட்டால் தட்டுப்படாத கணு, ஒன்று அல்லது இரண்டு சென்டினல் கணுவில் நோய், மார்பை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் தருவது என்ற நிலையிலிருந்த 891 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மீதிக் கணுக்களை எடுத்தார்கள், மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்கள். எடுத்த பிரிவில் 27 சதவீதத்தினருக்கு மிச்சக் கணுக்களிலும் நோய் இருந்தது. அப்படியென்றால் விட்ட பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு நோய் உள்ளே இருந்திருக்க வேண்டும். ஆனாலும் 10 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் விட்ட பிரிவில் 86.3 சதவீதம், எடுத்த பிரிவில் 83.6 சதவீதம். மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷன் அக்குளின் கீழ்ப்பகுதியையும் தொடுகிறது. கீமோவும் ஹார்மோன் மருந்தும் உடல் முழுக்கப் போகின்றன.

இது எல்லாருக்கும் பொருந்தாது. மார்பை முழுதாக அகற்றியவர்கள், ரேடியேஷன் எடுக்காதவர்கள், மூன்றும் அதற்கு மேலும் கணுக்களில் நோய் உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை. மார்பை அகற்றியவர்களையும் சேர்த்து 2024-ல் வெளிவந்த ‘செனோமேக்’ ஆய்வும் ஒன்றிரண்டு கணு விஷயத்தில் அதே பதிலைத்தான் சொல்கிறது. ஆனால் அதில் பெரும்பாலோருக்குக் கணுப் பகுதிக்கும் ரேடியேஷன் கொடுத்திருந்தார்கள். கணுக்களை எடுப்பதற்குப் பதில் அக்குளுக்கு ரேடியேஷன் கொடுத்துப் பார்த்த ‘அமராஸ்’ ஆய்வில், 5 ஆண்டில் கை வீக்கம் வந்தது கணுக்களை எடுத்தவர்களில் 23 சதவீதம், ரேடியேஷன் பெற்றவர்களில் 11 சதவீதம். நோய் அக்குளில் திரும்பியது இரு பக்கமும் சொற்பமே.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: “என் மனைவி இந்த ஆய்வுகளில் இருந்தவர்களைப் போன்றவரா? எந்தப் பகுதிவரை ரேடியேஷன் கொடுப்பீர்கள்?” ‘நான்கு கணுவோ அதற்கு மேலோ இருந்தால், நோய் திரும்பாமல் தடுக்கும் அபெமாசிக்லிப் மாத்திரை கிடைக்கும், அதற்காகவாவது எல்லாவற்றையும் எடுத்து எண்ணலாமே’ என்று சிலர் யோசிக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று கணு உள்ளவர்களுக்கும் கட்டி 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ கிரேடு 3 என்றாலோ அந்த மருந்தைத் தரலாம். வெறும் எண்ணிக்கைக்காக ஒரு கையை வாழ்நாள் வீக்கத்துக்கு ஒப்புக்கொடுப்பது சரியான பேரமாக எங்களுக்குப் படவில்லை.

கேள்வி: எனக்கு ஊசிச் சோதனையிலேயே ஒரு கணுவில் நோய் என்று வந்தது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று திட்டம். கணுவில் ‘கிளிப்’ வைப்பதாகச் சொல்கிறார்கள். அது எதற்கு?

வைத்துக்கொள்ளுங்கள், கீமோ தொடங்கும் முன்பே. மருந்துக்குக் கணு நன்றாகச் சுருங்கிவிட்டால், எந்தக் கணுவில் நோய் இருந்தது என்று ஸ்கேனில்கூட அடையாளம் தெரியாது. அரிசி அளவுகூட இல்லாத அந்த உலோகக் கிளிப்தான் பிறகு வழிகாட்டும்.

கீமோவுக்குப் பின் சென்டினல் சோதனை தவறும் வாய்ப்பு அதிகம். நோய் இருந்த கணுக்கள் சுருங்கித் தழும்பாகும்போது நிணநீர்ப் பாதையும் மாறிவிடுகிறது. ‘இசட்1071’ ஆய்வில் நோய் மிச்சமிருந்தவர்களில் 12.6 சதவீதத்தினரைச் சோதனை தவறவிட்டது. கதிரியக்கம், நீலச் சாயம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி, குறைந்தது 3 கணுவாவது எடுத்தபோது தவறு குறைந்தது. கிளிப் வைத்த கணு எடுத்தவற்றில் இருந்தபோது அது 6.8 சதவீதத்துக்கு இறங்கியது. கிளிப் வைத்த கணு சுமார் நான்கில் ஒருவருக்குச் சென்டினல் கணுவாகவே இருப்பதில்லை. ஆகவே அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கம்பியோ காந்த விதையோ வைத்து இடம் குறிப்பார்கள். எடுத்த கணுவை எக்ஸ்ரே எடுத்து, கிளிப் அதற்குள் இருக்கிறதா என்று அங்கேயே உறுதி செய்வார்கள். இந்த எக்ஸ்ரே எடுப்பார்களா என்று கேட்டுவையுங்கள். கிளிப் உள்ளேயே தங்கிவிட்ட கதைகள் உண்டு.

கீமோவுக்குப் பின் கணுவில் 0.2 மி.மீ. அளவு அணுக்கள் மிஞ்சினாலும் அது நோய் மிச்சம் என்றே கணக்கு. ‘தனித்த புற்றணுக்கள்’ பற்றி முன்பு சொன்ன சலுகை இங்கே பொருந்தாது. அப்படி மிஞ்சினால் அக்குளின் மீதிக் கணுக்களை எடுப்பதுதான் இன்றும் வழக்கமான சிகிச்சை.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64, கட்டி 1.2 செ.மீ. கணுச் சோதனையே வேண்டாம் என்று ஒரு டாக்டரும், செய்துகொள்ளுங்கள் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

சமீப ஆண்டுகளில் மாறிய விஷயம் இது. இத்தாலியில் தொடங்கிய ‘சவுண்ட்’ ஆய்வில், 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியும் அல்ட்ராசவுண்டில் சுத்தமான அக்குளும் உள்ள 1,405 பெண்களில் ஒரு பாதிக்குச் சென்டினல் சோதனை செய்தார்கள், மறுபாதிக்கு அக்குளைத் தொடவே இல்லை. 5 ஆண்டு கழித்து வேறு உறுப்புகளுக்கு நோய் பரவாமல் இருந்தவர்கள் முறையே 97.7 சதவீதமும் 98 சதவீதமும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ‘இன்செமா’ ஆய்வின் முடிவும் அப்படியே.

அம்மாவின் கட்டி ஹார்மோன் ஏற்பி உள்ளது, ஹெர்2 இல்லாதது, கிரேடு 1 அல்லது 2, அக்குள் அல்ட்ராசவுண்ட் சுத்தம், மார்பை அகற்றாமல் சிகிச்சை, அதன் பின் ரேடியேஷன் என்ற நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் சோதனையைத் தவிர்க்கலாம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2025 வழிகாட்டுதலும் மாதவிலக்கு நின்ற, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறது. ஹெர்2 உள்ள கட்டி, மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டி, கிரேடு 3 என்றால் நிலைமை வேறு, சோதனை வேண்டும். ரேடியேஷனையும் குறைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கைவிடுவது அந்த ஆய்வுகள் சோதித்த சிகிச்சை இல்லை. அல்ட்ராசவுண்ட் அக்குளைக் குறிப்பாகப் பார்த்ததா, மார்பு ஸ்கேனில் போகிற போக்கில் எழுதியதா என்பதையும் ரிப்போர்ட்டில் பாருங்கள். இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “சோதனையில் ‘உண்டு’ என்று வந்தால் அம்மாவின் சிகிச்சையில் எது மாறும்?” எதுவும் மாறாது என்றால் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: டிசிஐஎஸ் என்ற ஆரம்ப நிலைதான். இதற்கும் கணுச் சோதனை உண்டா?

பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் அணுக்கள் கணுவுக்குப் போக வழியில்லை. கட்டியை மட்டும் எடுப்பதானால் சோதனை வேண்டாம். மார்பை முழுதாக அகற்றுவதானால் செய்துவிடுவது நல்லது. எடுத்த மார்பில் எங்காவது ஊடுருவிய புற்றுநோய் இருப்பதாகப் பிறகு தெரியவந்தால், சாயம் செலுத்த மார்பே இருக்காது.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கைவரை கயிறு போல இழுக்கிறது. மேற்கையின் உள்பக்கம் மரத்திருக்கிறது. இந்தக் கையில் இனி ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்கிறார்களே?

கயிறு போல இழுப்பது அடைபட்ட நிணநீர்க் குழாய்களால். முதல் சில வாரங்களில் வரும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தளர்ந்துவிடும். வலிக்கிறதே என்று கையை மடக்கி வைத்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களால் ஏறிப்போவது போன்ற நீட்டல் பயிற்சியைத் தினமும் இரண்டு மூன்று வேளை, இழுப்பு தெரியும்வரை, வலி தொடங்கும் முன் நிறுத்திச் செய்யுங்கள். யாராவது அந்தக் கயிற்றை அழுத்தி ‘அறுத்துவிடுகிறேன்’ என்றால் விடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் மெதுவாக நீட்டிவிடுவது வேறு. மரத்துப்போவது அக்குளைக் கடக்கும் உணர்வு நரம்பு இழுபட்டதால். மாதங்களில் குறையும், சிலருக்குச் சிறு பகுதி அப்படியே நின்றுவிடும். அக்குளில் நீர் கோத்துப் பை போலத் தொங்கினால், சிறியதாக இருக்கும்வரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். இறுக்கமாக வலித்தால் ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

கை வீக்கம் சென்டினல் சோதனை மட்டும் செய்தவர்களில் சுமார் 20-ல் ஒருவருக்கும், கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் வருகிறது. இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தள்ளி நாடாவால் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள். ஆபரேஷனுக்கு முன் அளந்திருந்தால் இன்னும் நல்லது. பிற்பாடு 2 செ.மீ. வித்தியாசம் வந்தால், அல்லது அதற்கு முன்பே மோதிரம், வளையல், சட்டைக் கை இறுகத் தொடங்கினால் காத்திருக்காமல் காட்டுங்கள். ஆரம்பத்தில் அழுத்தப் பட்டை, பயிற்சியிலேயே கட்டுப்படும்.

சென்டினல் சோதனை மட்டும் செய்த கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதாலோ ஊசி போடுவதாலோ வீக்கம் வருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. மறுகை இருக்கிறது என்றால் அதில் பார்க்கட்டும். அவசரத்தில் எந்தக் கையானாலும் பயப்பட வேண்டாம். பாரமும் அப்படித்தான். சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை என்று ‘பால்’ என்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது இதைவிட முக்கியம். நகச்சுற்று, வெட்டுக்காயம், பூச்சிக்கடி எதுவானாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஆன்டிபயாடிக் தாமதமாகக் கூடாது.